தலைவியிடம் தனியாக

"ஏனுங்க, ஆட்டைப் பத்திக் கேட்டா அரை நாள் பேசுவேன். ஆட்டத்தைப் பத்திக் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்றார் ஜானகியம்மாள், கொண்டையில் மல்லிகையைச் செருகியபடி.

"நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம் அம்முணி. நான் சொல்றதைத் திருப்பிச் சொன்னாப் போதும்" என்ற குழந்தைவேல், கடலைப்பருப்பு அளவிலிருந்த இயர்போனை மனைவியின் காதுக்குள் வைத்து, முடியை இழுத்து மறைத்தார். இணைப்பிலிருந்த செல்போன் அம்மாளின் கைப்பைக்குள் போனது.

மல்லசமுத்திரத்தில் போர் போடும் ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர் குழந்தைவேல். அகில இந்தியக் கிட்டிப்புள் சங்கத்துக்கும் அவர்தான் எல்லாம். எப்படியோ ஆளைப் பிடித்து, உலகக் கோப்பைப் போட்டியைத் தன் ஊருக்கே கொண்டுவந்துவிட்டார். சோளக்காட்டைச் சமப்படுத்தி, மைதானமும் கேலரியும் விளக்குக் கம்பங்களும் எழும்பி நின்றன.

அந்த நேரம் பார்த்து, உலகக் கிட்டிப்புள் சம்மேளனம் 'நல்லாட்சி விதிகள்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. போட்டி நடத்தும் சங்கத்துக்குப் பெண்தான் தலைவராக இருக்க வேண்டுமாம்.

குழந்தைவேல் கலங்கவில்லை. ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது செய்ததையே இப்போதும் செய்தார். அன்றைக்கும் தலைவர் ஜானகியம்மாள்தான். நாற்காலியில் உட்கார்ந்தவர் குழந்தைவேல். கையெழுத்து மட்டும் ஆட்டுப்பட்டிக்குப் போய் வாங்கிவரப்படும்.

ஆனால் இந்த முறை யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். 'தலைவி வெறும் பொம்மை, ஆட்டுவிப்பவர் புருஷன்' என்று. நிரூபணமானால் குழந்தைவேலுக்கு ஆயுள் தடை. உலகக் கோப்பை வேறு நாட்டுக்குப் போய்விடும். பொய் உறுதிமொழி கொடுத்ததற்குப் போலீஸ் வழக்கும் உண்டு.

விசாரிக்க, கோலாலம்பூரிலிருந்து நெறிமுறைக் குழுவின் தலைவி அறிவுச்செல்வி வந்து இறங்கினார். முகத்தில் பேருக்குக்கூடச் சிரிப்பில்லை.

"வாங்க, வாங்க. முதல்ல ஒரு எளநி சாப்பிடுங்க" என்றார் குழந்தைவேல்.

"மன்னிக்கவும். விசாரணை நடக்கும் வீட்டில் தண்ணீர்கூடத் தொடக் கூடாது."

"கார்ல ஐயா ஒருத்தர் உட்கார்ந்திருக்காருங்களே, அவருக்காச்சும்..."

"அவர் என் கணவர். விசாரணை முடியும்வரை காரை விட்டு இறங்க மாட்டார். தலைவியிடம் நான் தனியாகத்தான் பேச வேண்டும். என் கணவருக்கே அனுமதி இல்லாதபோது உங்களுக்கு மட்டும் எப்படி? தயவுசெய்து வெளியே இருங்கள்."

'கட்டின புருஷனையே வெளியில நிறுத்தறவ, நம்மள விடுவாளா?' குழந்தைவேல் பின்கட்டு அறைக்குப் போய்ச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

உள்ளே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஏன் இந்தப் பொம்பளை வாயைத் திறக்கவில்லை? ஜானகியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ?

"நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" கடைசியில் கேள்வி வந்தது.

"குலுக்கல் முறையிலன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார் குழந்தைவேல்.

"குலுக்கல் முறையிலுங்க" என்றார் ஜானகியம்மாள்.

மறுபடியும் மௌனம். போலீஸ்காரன் திருடனை உட்காரவைத்துப் பேசாமல் பார்ப்பானே, அந்த மாதிரி மௌனம்.

"நிர்வாகிகள்மேல் புகார் வந்தால் என்ன செய்வீர்கள்?"

"தனிக் குழு விசாரிக்கும்."

"தனிக் குழு விசாரிக்குமுங்க. நம்மூட்டு ஆளுக ஒருத்தரும் அதுல இருக்க மாட்டாங்க. இருந்தா நானே தொரத்தி உட்டுருவேன்."

குழந்தைவேல் பல்லைக் கடித்தார். "சொந்தச் சரக்கைச் சேர்க்காத அம்முணி!"

"சொந்தச் சரக்கைச் சேர்க்காத..." என்று ஆரம்பித்த ஜானகியம்மாள், சட்டென்று இருமத் தொடங்கினார்.

குழந்தைவேல் தலையில் அடித்துக்கொண்டார். போச்சு. சோளக்காடும் போச்சு, மைதானமும் போச்சு. இனி அந்தப் பொம்பளை எழுந்து நேராக ஜானகியின் காதைத்தான் பார்ப்பாள்.

ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த கேள்வி வந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. கண்டுபிடித்துவிட்டு, தெரியாததுபோல நடிக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக அமுக்கப்போகிறாள்!

அந்த நேரத்தில் ஜானகியம்மாளின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. பின்கட்டில் எப்போதுமே டவர் கிடைக்காது. குழந்தைவேல் செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லை வழியாக ஓடி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். தென்னை நிழலில் நின்ற காரின் பக்கத்தில் குரல் தெளிவாகக் கேட்டது.

உள்ளே மறுபடியும் மௌனம்.

ஏ.சி.க்காக என்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரின் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இடைவெளி வழியாக ஓர் ஆண் குரல் வந்தது.

"அந்தம்மா இருமினதை விடு, அதெல்லாம் நமக்கு வேண்டாம். இது கடைசிக் கேள்வி, கவனமாகக் கேட்டுக்கொள். 'சங்க வேலையில் உங்கள் கணவர் தலையிடுகிறாரா?' கேட்கும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள். நான் சொல்கிறவரை அடுத்த வார்த்தை பேசாதே."

குழந்தைவேல் குனிந்து பார்த்தார். காதில் இயர்போனும் மடியில் கேள்விகளுமாக, பின் சீட்டில் வசதியாகச் சாய்ந்திருந்தார் அறிவுச்செல்வியின் கணவர்.

குழந்தைவேல் கார்க் கண்ணாடியை மெல்லத் தட்டி, "தலையிடவே மாட்டேனுங்க" என்று பதிலை அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்.