இருபத்தேழாம் நம்பர்

இரண்டாம் தரமும் மருந்து விட்ட பிறகுதான் கவனித்தேன், சிற்றம்பலம் சேலை உடுத்தியிருந்தார்.

பார்ப்பதுதான் என் வேலை. கிளிநொச்சியில் ஒரு கண் கிளினிக்கில் ஒன்பது வருடமாக ஆட்களின் கண்ணைப் பரிசோதித்து, டொக்டர் பார்ப்பதற்கு முன் கண்மணியை விரிக்கிற மருந்து விடுகிறேன். கண்ணை மட்டுந்தான் பார்க்கிறேன், ஆளைப் பார்ப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிய வந்தது.

"இருபத்தேழு, சிற்றம்பலம்" என்று கூப்பிட்டேன். நோய் விபரம் எழுதுகிற கிளினிக் கொப்பியோடு ஒருவர் வாங்கிலிருந்து எழும்பினார். கொப்பி ஆரிடமோ அவர்தான் நோயாளி. இது நான் எனக்கே போட்ட சட்டம். புருசன்மாரின் கொப்பி, அடையாள அட்டை, பனடோல் எல்லாம் பெண்சாதிமாரின் கைப்பையில்தான் இருக்கும் என்பதை யோசித்திருக்கலாம். என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த அம்மா "தம்பி..." என்று தொடங்கினார்.

மருந்து எரியும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்தேன். "கதையாதேங்கோ, மேல பாருங்கோ. எரிஞ்சால் என்னை ஏசலாம், கண்ணைத் திறக்கேக்க நான் இஞ்ச நிக்கமாட்டன்" என்று வழக்கமான பகிடியை விட்டேன். கூடவே மருந்தையும் விட்டேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம்.

"உம்மட பகிடி முடிஞ்சுதோ?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார். "நான் நாகேஸ்வரி. சிற்றம்பலம் எண்டது இவர். பக்கத்தில குந்தியிருக்கிறார்."

குந்தித்தான் இருந்தார். இரண்டு தரமும் பக்கத்திலேயே, வாயைத் திறக்காமல்.

"ஐயா, நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"எனக்குக் கண் தெரியாதே தம்பி."

"காது?"

"அதுவும் சாடையா அப்பிடித்தான்."

கொப்பியைப் பார்த்தேன். காலையில் என்னோடு வேலை செய்கிற ஜெயரூபி பரிசோதித்து எழுதியிருந்தாள். எழுத்துப் பலகையில் மேல் எழுத்தும் தெரியவில்லை. மூன்று விரலைக் காட்டினால் ஐந்து என்கிறார்.

டொக்டரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். எழுத்துப் பலகையைத் தலைகீழாக மாட்டி இருபது பேரைப் பரிசோதித்ததற்குப் போன மாதந்தான் டொக்டரிடம் வாங்கிக் கட்டியிருந்தேன். அதில் பதினொரு பேர் பிழையில்லாமல் வாசித்தார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

என் பயம் கிடக்கட்டும். இந்த மருந்து விட்டால் பின்னேரம் வரை கிட்ட உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். அந்த அம்மாவோ நம்பர் எடுக்காதவர். நாற்பது நம்பரும் விடியவே முடிந்துவிட்டது. நம்பர் இல்லாத ஆளை டொக்டர் பார்க்கமாட்டார். பிழையை எழுதி, ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, வீட்டுக்குத்தான் அனுப்பவேண்டும்.

"பூநகரியிலயிருந்து இவரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனான். இப்ப என்னை ஆர் பிடிக்கிறது?" என்றார் நாகேஸ்வரி அம்மா.

நியாயமான கேள்வி. காலையில் பிடித்துக்கொண்டு வந்ததை நானும் கண்டேன், அது இவர்கள்தான் என்று இப்போதுதான் பிடிபட்டது. வாசல் படியில் தடுக்கி விழப்பார்த்தது அம்மாதான், ஐயா இல்லை. பாவம், மனுசனைத் தாங்குகிற பாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, பஸ் போகப்போகுது. எத்தினை மணி எண்டு ஆரையும் கேளுங்கோ" என்று அம்மா ஐயாவின் தோளைத் தட்டினார்.

ஐயா தலையை நிமிர்த்தினார். "பதினொண்டு நாப்பத்திரண்டு. நேரம் கிடக்கு. நீர் கண்ணை மூடும்."

சுவர் மணிக்கூடு நடையின் அந்தக் கடைசித் தொங்கலில், மருந்து குடுக்கிற யன்னலுக்கு மேலே இருக்கிறது. நான் கண்ணாடி போட்டவன். நாலடி முன்னுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

பதினொன்று நாற்பத்திரண்டு.

திரும்பி வந்து அவருக்கு முன்னால் குந்தினேன்.

"ஐயா, மணிக்கூடு?"

"வெயிலைப் பாத்துச் சொன்னனான்."

"நாப்பத்திரண்டோ?"

"வன்னி வெயில் தம்பி."

டொக்டரின் அறையில் மணி அடித்தது. இருபத்தேழு.

கொப்பி நாகேஸ்வரி அம்மாவின் மடியில் இருந்தது. மூடின கண்ணோடு, அதைத் தடவித் தடவி ஐயாவின் பக்கம் நீட்டினார். "போங்கோ, உங்களைக் கூப்பிடுகினம்." ஐயாவின் கை கொப்பியை வாங்க எழும்பவேயில்லை.

மணி இன்னொரு தரம் அடித்தது.

நான் அவருடைய காதுக்குக் கிட்டப் போனேன். அந்தக் காதும் நன்றாகக் கேட்கிற காது என்று இப்போது தெரியும்.

"ஐயா, கெதியாச் சொல்லுங்கோ. ஒராளைத்தான் உள்ள அனுப்பலாம். உங்களுக்குக் கண் தெரியுமோ, தெரியாதோ?"

அவர் ஒருக்கால் மனைவியைப் பார்த்தார். பிறகு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எனக்கு உந்தப் பலகையின்ர கடைசி வரியும் தெரியும். அவவுக்குத்தான் தெரியேல்லை. தைப்பொங்கலுக்கு அடுப்புக்கும் பானைக்கும் நடுவில கையை வச்சவா, வழுக்கினது எண்டு சொன்னவா. தனக்கெண்டு கூப்பிட்டால் வீட்டுப் படலை தாண்டமாட்டா. எனக்கெண்டால் பூநகரியிலயிருந்து நடந்தும் வருவா."