சௌக்கத் அலியின் குரல்

திரையில் ‘சௌக்கத் அலி’ என்று பெயர் எரிந்தது. ஸ்பீக்கரில் பேசியதோ ஒரு பெண்!

கார்குழலிக்குச் சுருக்கென்றது. முந்தாநாள் இதே பெயரில் ஒரு கட்டைக் குரல். நேற்று மூக்கால் பேசும் ஒருவன். இன்றைக்குப் பெண்ணா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கண்டெய்னர் யார்டுக்குப் புது டிஜிட்டல் வாக்கி-டாக்கிகள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கண்ட்ரோல் ரூமுக்குக் கார்குழலி வந்தும் ஒரு வாரம்தான். செட்டுக்கு ஓர் எண். பட்டனை அழுத்தியதுமே அந்த செட்டுக்கு உரியவர் பெயர் அவள் திரையில் வந்துவிடும். தப்புத் தண்டா செய்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த செட்டை அவள் ஊமையாக்கிவிடலாம்.

“பெட்டி நம்பர் சொல்ல வேண்டிய ஆளு, செட்டை யார்கிட்டயோ குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடறாரு போல சார்” என்றாள் மேனேஜர் ராமதாஸிடம்.

ராமதாஸுக்கு எந்தப் பேச்சும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“இதோ பாரும்மா, அடுத்தவன் கையில செட்டைக் குடுத்தா வேலை காலி. ரூல் போட்டதே நான்தான். நானே போய்ப் பாக்கறேன். சொன்னதும் முடக்கிடு.”

அவர் படியிறங்கியதும் தனி அழைப்பு ஒன்று வந்தது. கார்குழலிக்கு மட்டுமே கேட்கும் அழைப்பு. மூன்றாம் கிரேன், பிராங்கிளின்.

“தங்கச்சி, மேலேர்ந்து பாத்துகினு கீறேன். மேனேஜரு இன்னாத்துக்கு இந்தப் பக்கம் வராரு?”

சொன்னாள்.

“ஐயோ, பேஜாராப் பூடும்! பாய் எங்கியும் போவல தங்கச்சி. தொண்டைல ஆபரேசன். ஒரு மாசம் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. லீவு போட்டா காண்ட்ராக்டர் வேற ஆளப் போட்ருவான். அதான், பாய் நம்பரை சிலேட்ல எழுதிக் காட்டுவாரு. பக்கத்துல யாரு கீறாங்களோ அவங்க படிப்பாங்க. இப்போ படிச்சது கேன்டீன் மோகனப்ரியா.”

மூன்று நாளில் ஒரு நம்பர்கூடப் பிசகவில்லை என்பது கார்குழலிக்கு அப்போதுதான் உறைத்தது.

“என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னாண்ணா?”

“நீ புச்சு. நீ எப்டின்னு எங்களுக்கு இன்னா தெரியும்?”

கார்குழலி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே, சிவப்பும் நீலமுமாக அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே ராமதாஸின் வெள்ளைச் சட்டை போய் மறைந்தது. இனித் திரையில் அவர் பெயர் எரியும். ‘முடக்கு’ என்பார். ஒரு மனிதருக்கு மிச்சமிருக்கிற குரலையும் அவள் கையாலேயே பிடுங்க வேண்டும்.

திரை எரிந்தது.

ராமதாஸ் இல்லை. ‘சௌக்கத் அலி.’

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“இதோ பாரும்மா... சௌக்கத் பேசறேன். பெட்டி நம்பர் நாலு, ஏழு, ரெண்டு, ஒம்போது. வண்டியில ஏத்தியாச்சு.”

மூன்றாம் கிரேன் காரணமே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தது.

கார்குழலி நம்பரைக் குறித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

“சரிங்க பாய். கொரலு இன்னிக்கு ரொம்ப நல்லா கீது!”