கம்பளித் தையல்

விதித் தெய்வங்களான மூன்று சகோதரிகளில் குளோதோ மனிதர்களின் உயிர்நூலை நூற்பாள், லகெசிஸ் அளப்பாள், ஆயுள் முடிந்ததும் மூத்தவள் அத்ரோபோஸ் வெட்டுவாள். வெட்டி வெட்டி மூத்தவளுக்கு விரல்கள் மரத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அன்று வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். பெண்டாட்டி, பிள்ளைகள், பேரன் எல்லாரையும் புதைத்துவிட்டு வந்தவர்.

"என் நூலை மட்டும் ஏன் தாயே இன்னும் வெட்டல?"

லகெசிஸ் நூல்கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். கிடைக்கவில்லை. அவள் பார்வை அக்கா போர்த்தியிருந்த கம்பளியில் போய் நின்றது.

"அக்கா, தோள்ல அந்தக் கிழிசலை எந்த நூலால தச்சே?"

அத்ரோபோஸ் குனிந்து பார்த்தாள். எப்போதோ ஒரு பனிக்காலத்தில் குளிர் தாங்காமல், கூடையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தைத்திருந்தாள். தையல் இன்னும் விடவில்லை. கத்தரியைத் தோளருகே கொண்டுபோனாள். கதவிடுக்கு வழியே காற்று சில்லென்று வந்தது. கத்தரியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பனி போகட்டும்ப்பா" என்றாள்.

கிழவர் வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அவள் தோளில் தையல் லேசாக இழுபட்டது. உடம்பில் அந்த ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.