எதிர் வாசலில் ஒரு ஜோடி ஷூ

இன்றைக்கும் அந்த ஷூ வந்துவிட்டது.

கதவிலிருந்த லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள் ஷ்யாமளா. எதிர் ஃப்ளாட் வாசலில் ஆம்பளை ஷூ ஒரு ஜோடி. ஒரு வாரமாகப் பார்க்கிறாள். இருட்டினால் வருகிறது, விடிந்தால் காணாமல் போகிறது.

எதிர் ஃப்ளாட்டில் இருப்பவள் எலிசா, நாகர்கோவில் பெண். புருஷன் ஜெபதாஸ் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போனவன், பாஸ்போர்ட் கைக்கு வராமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டில் அவளும் கைக்குழந்தை பெனிஷும் மட்டும்தான். பிறகு ஷூ யாருடையது?

அமெரிக்கா வந்து பிஸ்கட்டவேயில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே, வாசலில் செருப்பு கிடந்தால் ஷ்யாமளாவுக்கு ஆகாது. போன வருஷம் இந்த ஜெபதாஸ், படகு மாதிரி இருக்கும் தன் ஷூவைக் கொண்டுவந்து இவள் வாசலில் போட்டுவிட்டுப் போவான். காலால் தள்ளிவிட்டுப் பார்த்தாள். மறுபடி வந்தது. நேராக, வீடுகளை வாடகைக்கு விடும் லீஸிங் ஆஃபீஸில் கம்ப்ளெயின்ட் கொடுத்தாள். எதிர் வீட்டுக்கு நோட்டீஸ் போயிற்று. ஜெபதாஸ் வந்து "ஸாரிக்கா" என்று சிரித்துவிட்டு எடுத்துப் போனான். கணவன் வாஞ்சிநாதன் டாலஸ் ப்ராஜெக்டுக்குப் போயிருந்த சமயம், தனி ஆளாக அவள் சாதித்த காரியம் அது. இன்றும் கிட்டி பார்ட்டியில் சொல்லிக்கொள்வாள்.

இந்த ஷூ விஷயத்தை வாஞ்சிநாதனிடம் சொன்னபோது, "அடுத்தவங்க வாசல் நமக்கு எதுக்கு?" என்று பேச்சை மாற்றிவிட்டான். வழக்கமாக ஊர்வம்பென்றால் அவளுக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறவன்.

இன்னொன்றும் உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து குப்பைப் பையைத் தொட்டறியாத மனுஷன், இந்த ஒரு வாரமாகச் சொல்லாமலே தூக்கிக்கொண்டு கீழே போகிறான். போனால் லேசில் திரும்புவதில்லை. இன்றும் போனவன் இன்னும் வரவில்லை.

லென்ஸ் போதாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

பிரவுன் ஷூ. அதில் பிங்க் லேஸ்.

அந்த லேஸைக் கோத்தவளே அவள்தான். பழைய லேஸ் அறுந்தபோது மகள் ப்ரியம்வதாவின் ஷூவிலிருந்து உருவி மாட்டிவிட்டாள். இதைப் போட்டுக்கொண்டு வெளியே போக வெட்கமாயிருக்கிறது, டொனேஷன் பாக்ஸில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தான் வாஞ்சிநாதன்.

"மாம், வாட் ஹேப்பண்ட்?" என்றாள் ப்ரியம்வதா.

"ஒண்ணுமில்ல. நீ ஹோம்வொர்க் பண்ணு."

எதிர்வீட்டு பெல்லை அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி அழுத்தினாள்.

"யாரு?" எலிசாவின் குரல் நடுங்கியது.

"நான்தான். கதவைத் தொற."

உள்ளே நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறார்களாக்கும் என்று நினைத்தபோது ஷ்யாமளாவுக்கு அழுகை முட்டியது. கதவு திறந்ததும் எலிசாவைத் தள்ளாத குறையாக உள்ளே போனாள். பெட்ரூம், பாத்ரூம், பால்கனி. எங்கும் யாருமில்லை. ஹாலில் பெனிஷ் மட்டும் முகமெல்லாம் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"எங்க அவர்?"

"யாருக்கா?"

"என் வீட்டுக்காரர். அவர் ஷூ உன் வாசல்ல கெடக்கு. எத்தன நாளா நடக்குது இது?"

எலிசா கதவருகே இருந்த நாற்காலியைக் காட்டினாள். கதவின் கைப்பிடிக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலி அது.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பத்து நாளைக்கு முன் யாரோ ஒருவன் வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறான். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. பயத்தில் அவளுக்குத் தூக்கமே இல்லை. சென்னையிலிருந்து ஜெபதாஸ், வாஞ்சிநாதனை ஃபோனில் கூப்பிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான்.

"ஆம்பள ஷூ வெளிய கெடந்தா, உள்ள ஆள் இருக்குன்னு நெனச்சுப் போயிருவான்னு அண்ணன்தான் கொண்டுவந்து வைக்காங்க. இந்த வாசலத் தாண்டி உள்ள வந்ததே இல்லக்கா. இப்பக்கூடக் கீழ பார்க்கிங்ல ஒரு சுத்து பாத்துட்டுதான் வருவாங்க."

ஷ்யாமளா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நினைத்ததையெல்லாம் நினைக்கக் கூசியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பயந்துருவீங்கன்னு அண்ணன் சொல்ல வேண்டாம்னாங்க."

"சரி, வச்சது வச்சார். அதை ஏன் காலையில ஒளிச்சு எடுத்துட்டுப் போகணும்? அதனாலதான எனக்குச் சந்தேகமே வந்தது."

பெனிஷின் வாயைத் துடைத்துவிட்டு எலிசா சொன்னாள். "பகல்ல லீஸிங் ஆஃபீஸ்காரங்க பாத்தா, போன வருஷம் மாதிரி மறுபடி நோட்டீஸ் குடுத்துருவாங்கக்கா."

ஷ்யாமளாவுக்குச் சுருக்கென்றது. சமாளித்துக்கொண்டாள்.

"அது வேற. அப்ப உன் வீட்டுக்காரர் ஷூ எங்க வாசல்ல இல்ல கெடந்தது? உங்க வாசல்ல எடமில்லாமயா போச்சு?"

எலிசா ஷ்யாமளாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அண்ணன் டாலஸ் போயிருந்தாங்கக்கா. நீங்களும் பாப்பாவும் தனியா இருந்தீங்கல்ல."