மாற்று ஆட்டக்காரன்

பஸ்ஸில் கோல்பியைச் சுற்றி நாலு சீட் காலியாகக் கிடந்தது. மற்ற பையன்கள் இரண்டு சீட்டில் மூன்று பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்களே தவிர, அவன் பக்கம் யாரும் போகவில்லை.

அதைப் பார்க்கப் பார்க்க கார்சனுக்கு வயிறு குளிர்ந்தது. காட்டிக்கொடுத்தவனுக்கு இதெல்லாம் போதாது.

வெள்ளிக்கிழமை நெப்ராஸ்காவில் ஒரு மாட்ச், ஞாயிற்றுக்கிழமை கான்சாஸில் ஒரு மாட்ச். நடுவில் சனிக்கிழமை முழுக்க பஸ். கல்லூரி ஃபுட்பால் டீமில் நாலு வருஷமாக கார்சனின் பிழைப்பு இதுதான். முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பான். இரண்டு வரிசைக்கு நடுவே மெத்தையை விரித்துத் தூங்குவான். எல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக. ஜெயித்தால் முதல் தடவையாக நாக்-அவுட் சுற்று. தோற்றால் கடைசி வருஷப் பையன்களுக்கு இதோடு ஆட்டமே முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு கார்னர் கிக்கில் எதிராளியின் தலை இவன் தலையில் மோதியது. எழுந்து நின்று ஆடி முடித்துவிட்டான். மறுநாள் காலை ஹோட்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தான்.

கதவைத் தட்டியது கோல்பி. ஒரே அறை. கார்சன் ஆடுகிற அதே இடத்துக்கு மூன்று வருஷமாக பெஞ்சில் காத்துக்கிடக்கிற மாற்று ஆட்டக்காரனும் அவன்தான். அவனுக்கும் இது கடைசி வருஷம்.

"என்னடா, நேத்து பட்ட அடியா?"

"பீட்சாடா. ஒத்துக்கல."

"வெளிச்சம் கண்ணக் குத்துதுன்னு திரையெல்லாம் இழுத்து விட்டியே, அதுவும் பீட்சாவா?"

"உன் வேலையப் பாரு. வாயத் தொறந்தே, பல்லு இருக்காது."

கோல்பி வெளியே போனதும், கண்ணாடி முன்னால் நின்று டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று மாதங்களைத் தலைகீழாகச் சொல்லிப் பழகினான் கார்சன். தலையில் அடிபட்டவனிடம் அதைத்தான் கேட்பார்கள். என்ன ஆனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கியே ஆக வேண்டும்.

அரை மணி நேரத்தில் டீமின் ஃபிசியோ ஜோலீன் வந்து நின்றாள். மாதங்களைக் கேட்டாள். கடகடவென்று ஒப்பித்தான்.

"பலே. இப்பக் கண்ண மூடிக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லு."

மூன்று எண்ணுவதற்குள் கட்டிலில் சாய்ந்தான்.

"நாளைக்கு நீ ஆடல, கார்சன்."

"யாரு போட்டுக்கொடுத்தது? கோல்பிதானே?"

ஜோலீன் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. காலைச் சாப்பாட்டில் தன் தட்டைத் தொடாமல், ஒவ்வொரு மேஜையாகப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான்.

பஸ்ஸின் பின் வரிசையிலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான். "கோல்பி, உங்கப்பா அம்மா நாளைக்கு வயோமிங்லேருந்து எட்டு மணி நேரம் காரோட்டிட்டு வர்றாங்களாமே? அதான் இவ்வளவு அவசரமா?"

பஸ்ஸே சிரித்தது. கோல்பி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முதுகுல குத்துறவனுக்கு மூஞ்சி ஏதுடா?" என்றான் கார்சன், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஞாயிற்றுக்கிழமை உடை மாற்றும் அறைச் சுவரில் கோச் ஹர்லி பதினோரு பேர் பட்டியலை ஒட்டினார். கார்சனின் இடத்தில் முதல் வருஷப் பையன் ஒருத்தன் பேர் இருந்தது. கோல்பி பேர் இல்லை.

கார்சன் வாய்விட்டுச் சிரித்தான்.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்து மாட்ச் பார்த்தான். எழுபதாவது நிமிஷம், கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. முதல் வருஷப் பையனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். கோல்பியைத் தாண்டி, அந்த இடத்தில் ஆடிப் பழக்கமே இல்லாத இன்னொருத்தனை இறக்கினார்.

மேலே கூட்டத்தில் ஒரு அம்மா கோல்பியின் நம்பர் எழுதிய அட்டையை மெல்ல மடியில் இறக்கி வைத்தாள்.

"பாத்தீங்களா ஜோலீன்? கோச்சுக்கே காட்டிக்கொடுக்குறவனப் பிடிக்கல. நல்லா வேணும் அவனுக்கு."

ஜோலீன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"கோச் அவன் பேச்ச நம்பவே இல்லடா. 'அவன் எடத்துல நீ ஆடணும்னுதானே இந்தக் கதை'ன்னு கேட்டாரு. 'அப்படின்னா ஞாயித்துக்கிழமை என்னை எறக்கவே எறக்காதீங்க, அவன் தலைய மட்டும் டெஸ்ட் பண்ணிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."