வீகன் கடலை மிட்டாய்

"இன்னாங்க இது, கடலை மிட்டாய்க்குப் புதுசா பேர் வெச்சிருக்கீங்க?" பாக்கெட்டின் மேலிருந்த பச்சை லேபிளை ராஜாம்பாள் நகத்தால் சுரண்டினாள்.

"சுரண்டாதே. 'வீகன்'னு போட்டிருக்குது. பால், நெய், தேன் எதுவுமே இல்லாத பண்டம்னு அர்த்தம்" என்றான் அவள் கணவன் தனசேகரன்.

"கடலை மிட்டாய்ல எந்தக் காலத்துல பாலு ஊத்தினாங்க?"

"அது ஒனக்கும் எனக்கும் தெரியும். கல்வராயன் மலைக்குக் கார்ல போய்க்கினு இருக்கிறாங்களே, அவங்களுக்குத் தெரியுமா? இப்பல்லாம் லேபிளப் பாத்துதான் வாங்குறாங்க."

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் அவர்களுடைய பலகாரக் கடை. எந்தப் பண்டத்தில் என்னென்ன சேர்கிறது என்று நோட்டில் எழுதி, சந்தேகமானதை மாஸ்டரிடம் இரண்டு முறை கேட்டு, அதன் பிறகுதான் தனசேகரன் லேபிள் ஒட்டினான். பத்து நாளாகிவிட்டது. ஒரு காரும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் லேபிளைப் பார்த்து ஒருவராவது வாங்காவிட்டால் அத்தனையையும் அவனே உரிக்க வேண்டும் என்று ராஜாம்பாள் கெடு வைத்திருந்தாள். இன்று ஞாயிறு. அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம்.

பதினோரு மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக லேபிளைத்தான் படித்தார்.

"நூத்தம்பது பேருக்குப் பலகாரம் வேணும். இது இன்னாண்ணே, வீகன்?"

தனசேகரன் ஒப்பித்தான்.

"பாலு ஒரு சொட்டுகூட இல்லியா?"

"இல்லீங்கம்மா."

"நெய்யி?"

"வாசனைக்குக்கூட இல்லீங்க. மாடு கட்டியிருக்கிற பக்கமே இந்தப் பண்டம் போனதில்லீங்க!"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அப்போ லேபிள் ஒட்டினதெல்லாம் ஒரு பக்கமா வைங்க. ஒட்டாதது அந்தப் பக்கம். ஒண்ணோட ஒண்ணு கலந்துச்சுன்னா என் மானமே போயிடும்."

கடலை மிட்டாய், பொரி உருண்டை, மரவள்ளி சிப்ஸ் எல்லாம் இடப்பக்கம் ஏறின. மைசூர்பாகும் பால்கோவாவும் வலப்பக்கம் ஒதுங்கின. ரிப்பன் பக்கோடாவை அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல லேபிள் இல்லியே?"

"அதுல வெண்ணெய் சேருதுங்க."

"நெசமாவா?"

தனசேகரன் நோட்டையே எடுத்துக் காட்டினான். அம்மாள் விரல் வைத்துப் படித்து, அதையும் வலப்பக்கம் தள்ளினார்.

தனசேகரன் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் பெரிய பைகளை எடுக்கப் போனாள்.

அம்மாள் ஒரு துண்டு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குது. வருஷா வருஷம் இதான் குடுப்போம்."

"அப்போ லேபிள் ஒட்டினத எல்லாம் கட்டிடவாம்மா?"

"ஐயோ, அதுல ஒண்ணுகூட வேணாம். அந்தப் பக்கம் இருக்கிறதக் கட்டுங்க."

தனசேகரனின் கையிலிருந்து சணல் உருண்டை நழுவியது. "லேபிளப் பாத்துதானேம்மா கேட்டீங்க?"

"பாத்ததாலதான் தப்பிச்சேன். தியாகதுருகம் பக்கத்துல எங்க பால் சங்கத்துக்கு ஆண்டு விழா. பாலே இல்லன்னு எழுதி ஒட்டின பண்டத்த நூத்தம்பது மாட்டுக்காரங்க கையில குடுத்துட்டு, நாளைக்குக் காலையில எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் அவங்ககிட்ட பாலு அளந்து வாங்குறது?"