நாற்பது கம்ப்யூட்டர்

"படுத்த படுக்கையா அம்மா உன் பேரையே சொல்லிட்டிருக்காங்கடா. ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்துட்டுப் போயேன்." போனில் கெஞ்சினாள் அக்கா.

"நாற்பது கம்ப்யூட்டர் அக்கா! அத்தனைக்கும் நான் ஒருத்தன்தான். ஒரு நாள் நகர்ந்தாலும் ஆபீஸே படுத்துரும்," என்றான் தம்பி.

"சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்தா வேலை குறையும்னு சொன்னியே?"

"கூடிப்போச்சு. பழசுல மாசம் ஒரு தடவை அப்டேட் போட்டா போதும். இப்ப தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்து நாற்பதையும் தொட்டாகணும்."

பொய்யில்லை. விடிந்ததும் முதல் ஆளாக வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து எழுந்தான். "இவரில்லேன்னா நம்ம கதி அதோகதிதான்," என்று மேனேஜரே சொல்வார்.

தினமும் போனில் கெஞ்சிய அக்கா, பதினோராம் நாள் கெஞ்சவில்லை. "எடுக்கறதுக்குள்ளயாவது வந்து சேரு," என்று போனை வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து, பயந்துகொண்டே ஆபீஸுக்குள் நுழைந்தான். மேனேஜர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா விஷயம் கேட்டு மனசே சரியில்ல. இங்க ஒரு குறையும் இல்ல, நாற்பதும் தானாவே அப்டேட் ஆகி ஜம்முனு ஓடுது. ஆமா, தினமும் காலையில நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"



புது வெர்ஷனில் அப்டேட் போட ஆள் வேண்டாம். அதுவே போட்டுக்கொள்ளும். நிறுத்தி வைத்தாலும் மறுநாள் தானாக முழித்துக்கொள்ளும்.

தினமும் அதை நிறுத்தி வைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

"லீவே போடாத மனுஷன் நீங்க," என்றார் மேனேஜர். "இனிமே வீட்டோட இருந்து எல்லாரையும் நல்லா பாத்துக்கங்க."